பெரிய டீச்சரின் பரீட்சை

"அந்த ரப்பர் விரிப்பை முதல்ல எடு! வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை. அதற்குள் பெரிய டீச்சர் உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். மருமகள் ஈர விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எடுத்துட்டேன் அத்தை" என்றாள்.

"அந்த நாற்காலி?"

"அதுவுமா அத்தை? அது நம்ம கமோட் நாற்காலிதானே... இருந்தா என்ன?"

"நடு ரூம்ல வச்சுக் காட்சிக்கு விடப் போறியா? பின்னாடி கொண்டு போ. மருந்து டப்பாவை அலமாரிக்குள்ள வை. ஜன்னலைத் திற. ஒரு வாசனை இருக்கு பார்!"

வாசனை என்றுதான் பெரிய டீச்சர் சொல்வார். நாற்றம் என்ற சொல்லைத் தன் விஷயத்தில் அவர் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை.

கமோட் நாற்காலி துணி துவைக்கிற இடத்துக்குப் போயிற்று. தரை இரண்டு முறை துடைக்கப்பட்டது. பிறகு மாமியாரைக் கட்டிலில் இப்படியும் அப்படியும் புரட்டி, கஞ்சி போட்ட புடவையை மடிப்புக் கலையாமல் சுற்றி, தலை வாரி, கண்ணாடி மாட்டி, பக்கவாதம் வந்த நாளிலிருந்து கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தையும் கட்டிவிட்டாள். கடைசியில் இரண்டு கைகளையும் அவர் அக்குளில் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி, மேசைக்கு அருகில் நாற்காலியில் உட்கார வைத்தாள். தூக்கும்போது அடிவயிற்றில் ஏதோ கழன்று இறங்குகிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

"என்ன லீடர், வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறே?"

"ஒண்ணுமில்ல அத்தை."

இந்த 'லீடர்' பட்டம் அவள் கல்யாணமாகி வந்த புதிதில் கிடைத்தது. மாமியார் ஒரு பெரிய பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. தெருவே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். "இனிமே இந்த வீட்டுக்கு நீதான் கிளாஸ் லீடர்" என்று அவர் சொன்னபோது, ஏதோ அதிகாரம் கையில் வந்துவிட்டதாக அந்தப் பெண் பூரித்துப்போனாள். பாவம்! கரும்பலகை துடைப்பவளும் லீடர்தான், வகுப்பில் சத்தம் வந்தால் முதல் திட்டு வாங்குபவளும் லீடர்தான் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

பக்கவாதம் பெரிய டீச்சரின் இடது கையையும் காலையும் முடக்கியது. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்குக்கு நிச்சயமாக ஒன்றும் ஆகவில்லை! அன்றிலிருந்து அவரைத் தூக்குவதும் கழுவுவதும் துடைப்பதும் மருமகளின் வேலையாயிற்று. மகன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிற அந்த மனிதருக்குத் தன் அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஏற்றத் தெரியாது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. "ஆம்பளைப் பிள்ளை என்னைத் தொட்டுத் தூக்கறதா? அதைவிட நான் போய்ச் சேரலாம்!" என்று பெரிய டீச்சர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மகனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மருமகளின் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கோபமாகவே கேட்டார்: "வீட்ல ஆளைத் தூக்கறீங்களா? கர்ப்பப்பை இறங்கி வந்திருக்கும்மா. இனிமே தூக்கவே கூடாது. ஆபரேஷன் பண்ணியே ஆகணும். அதுக்கப்புறம் மூணு மாசம் ஒரு வாளித் தண்ணி கூடத் தூக்கக் கூடாது."

இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் அவள் போகவில்லை. மாமியாரை யார் பார்ப்பது? ஆள் அனுப்பும் ஏஜென்சிகளிடமெல்லாம் கேட்டாயிற்று. "ஆளே இல்லைங்க, பேரைச் சொல்லி வைங்க, பாக்கலாம்" என்பதே எல்லோருடைய பதிலும். ஒருத்தி வந்தாள், வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள், வேறு வீட்டில் கூடுதலாகத் தருகிறார்கள் என்று போய்விட்டாள். இன்னொருத்தி காலை முழுக்க, "வந்துகிட்டே இருக்கேன்கா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்றுவரை வந்துகொண்டேதான் இருக்கிறாள்.

கடைசியில்தான் அந்த வீட்டுப் பராமரிப்பு மையம் கண்ணில் பட்டது. பயிற்சி பெற்ற ஆட்கள், நேர்மையானவர்கள். ஆனால் அங்கேயும் ஆட்கள் கம்மி, காத்திருக்கும் வீடுகள் அதிகம். அதனால் ஒரு சிஸ்டர் நேரில் வந்து, முடியாதவரைப் பார்த்து, கேள்வி கேட்டு மார்க் போடுவார். எதுவுமே முடியாதவர்களுக்கு முதலில் ஆள். தானாகச் சமாளிப்பவர்களுக்குக் கடைசியில். அதாவது, மார்க் குறைந்தால்தான் பாஸ்!

இதைப் பெரிய டீச்சரிடம் மருமகள் எடுத்துச் சொல்லத்தான் செய்தாள். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். மார்க்!

வாழ்நாள் முழுக்க மார்க் போட்ட மனுஷி. தனக்கு ஒருவர் மார்க் போட வருகிறார் என்றால் விடுவாரா?

சிஸ்டர் வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம், தோளில் பை. "வணக்கம் மேடம். இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?"

பெரிய டீச்சர் கிழமை, தேதி, மாதம், வருடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மணி வேணுமா?" என்று கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"நூறுலேருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கிட்டே வாங்க மேடம்."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது..." நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல், குறைக்க முடியாத இடம் வரைக்கும் ஒரே மூச்சில் போய்விட்டார்.

"அபாரம்! எழுந்து நிக்க முடியுமா?"

பெரிய டீச்சர் வலது கையை மேசைமேல் ஊன்றினார். உதட்டைக் கடித்தார். எங்கேதான் அந்த பலத்தைச் சேர்த்து வைத்திருந்தாரோ... எழுந்தே நின்றுவிட்டார்! இறைவணக்கத்துக்கு நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, அலுங்காமல் உட்கார்ந்தும் காட்டினார்.

"துணி மாத்த, பாத்ரூம் போக... யாராவது உதவி பண்ணணுமா?"

"எதுக்கு?"

சிஸ்டர் கதவோரம் நின்றவளைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் பெரிய டீச்சரின் கண்கள் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வயதான முகத்துக்கு நேராக, 'இவங்க படுக்கையை நனைக்கறாங்க' என்று எப்படிச் சொல்வது? வாய் வருமா?

"இல்ல சிஸ்டர்... ஒண்ணுமில்ல."

சிஸ்டரின் வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. பெரிய டீச்சரின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கஞ்சி போட்ட புடவை நனைந்து, நாற்காலிக்குக் கீழே குட்டை கட்டியது. மருமகள் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள்.

"எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன் இல்ல?" என்று கேட்டார் பெரிய டீச்சர். பரீட்சை முடிந்து வெளியே வரும் சின்னப் பெண்ணைப்போல முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாமே சரி அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து தரையைத் துடைத்தாள். கண்ணீர் விழுந்தது. அதையும் சேர்த்தே துடைத்தாள்.

மையத்திலிருந்து பதில் வந்தது: 'அம்மா நன்றாக இருக்கிறார்கள். வீடும் சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது. இப்போதைக்கு உடனடித் தேவை இல்லை.'

இதில் பெரிதும் சந்தோஷப்பட்டவள் நாத்தனார்தான். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். ஞாயிறுதோறும் பழங்களோடு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சிரித்துவிட்டுப் போவாள். "பாத்தீங்களா அண்ணி! சிஸ்டரே சொல்லிட்டாங்க. நீங்கதான் அம்மாவை நோயாளி நோயாளின்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்று போனிலேயே சிரித்தாள்.

கணவரோ தலையைச் சொறிந்தார். "ஆபரேஷனை இன்னொரு தடவை தள்ளிப் போட முடியுமான்னு கேட்டுப் பாரேன்..."

"கேட்டேங்க. இதுக்கு மேல தள்ளினா நான் பொறுப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." பொம்பளை வியாதி. அதைப் போய் மாமியாரிடம் சொல்லி, அவர் 'என்னால்தானே' என்று மருக வேண்டுமா? அவள் வாயைத் திறக்கவில்லை. அடிவயிற்றைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே! மூன்றாவதாகக் கொடுத்த ஆபரேஷன் தேதி நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் வந்தது. ஒரு நாள் பிற்பகல், மாமியார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிஸ்டருக்குப் போன் செய்தாள்.

"சிஸ்டர், அன்னிக்கு நீங்க பாத்தது எங்க வீடே இல்ல... எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருந்தோம். அவங்களால தானா எதுவும் முடியாது. படுக்கையிலேயே போயிடறாங்க. நான்தான் தூக்கறேன்... என்னால முடியல சிஸ்டர். இனிமே முடியாது. தயவு பண்ணி இன்னொரு தடவை வந்து பாருங்க!"

அழுகையில் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனபோது, பெரிய டீச்சர் விழித்திருந்தார். சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

"அத்தை, காப்பி தரட்டுமா?"

பெரிய டீச்சர் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பெரிய டீச்சர் அவளோடு பேசவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. 'லீடர்' என்ற கூப்பாடு இல்லாமல் வீடே விடுமுறை நாள் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. தூக்கினால் தூக்கவிட்டார், துடைத்தால் துடைக்கவிட்டார். கண்கள் மட்டும் அவளைத் தொடர்ந்துகொண்டே இருந்தன. 'என்னை ஃபெயில் ஆக்கிட்டியே' என்று அந்தக் கண்கள் சொல்வதாக மருமகள் நினைத்துக்கொண்டு உள்ளுக்குள் செத்தாள்.

மகளிடம் மட்டும் பெரிய டீச்சர் போனில் ஒரே வாக்கியம் சொன்னாராம். "உங்க அண்ணி என்னைப் பத்தி எல்லாத்தையும் சிஸ்டர்கிட்ட சொல்லிட்டா."

அது போதாதா? மீதியையும், சிஸ்டர் வரும் நாளையும் அவள் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சிஸ்டர் மறுபடி வருவதாகச் சொன்ன நாளில், அவருக்கு முன்னால் நாத்தனார் வந்து நின்றாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மூச்சிரைக்க வந்திருந்தாள். அன்று மருமகள் எதையும் ஒளிக்கவில்லை. கமோட் நாற்காலி கட்டிலோரம் கிடந்தது. ரப்பர் விரிப்பு ஜன்னல் கம்பியில் காய்ந்தது. பெரிய டீச்சர் சாயம் போன நைட்டியில் படுத்திருந்தார்.

"ஐயோ... என்ன அண்ணி இது? இதுதான் எங்கம்மாவா? இப்படியா போட்டு வச்சிருக்கீங்க?"

"தினம் இப்படித்தான்மா இருப்பாங்க."

"பொய்! நான் ஒவ்வொரு ஞாயிறும் வரேன். பளிச்சுனு உக்காந்திருக்காங்க!"

"ஞாயித்துக்கிழமை நீங்க வர்ற நேரம் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடியே..." பாதியில் நிறுத்திவிட்டாள். பாராட்டு வாங்கவா செய்தோம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஒரு ஸ்கூலையே விரலசைவுல வச்சிருந்தவங்க அண்ணி எங்கம்மா! அவங்களைப் போய்ப் படுக்கையை நனைக்கறாங்கன்னு ஊரெல்லாம் டமாரம் அடிச்சிருக்கீங்களே... மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"ஊரெல்லாம் சொல்லலம்மா. சிஸ்டர்கிட்டதான் சொன்னேன்."

"எதுக்குச் சுத்தி வளைக்கறீங்க? எங்கம்மா உங்களுக்குப் பாரமாயிட்டாங்க. அதை நேரடியாச் சொல்லிட்டுப் போங்களேன்!"

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் இத்தனை வருடங்களில் ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள்.

"பாரம்தான்மா" என்றாள் அமைதியாக. "தூக்கிப் பாத்தீங்கன்னா தெரியும்."

நாத்தனாரின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "தூக்கறேன்! பெத்த அம்மாவைத் தூக்க எனக்குத் தெரியாதா? நீங்க வெளியே இருங்க. அம்மாவுக்கு நல்ல புடவை கட்டி நான் உக்கார வைக்கறேன். சிஸ்டர் வந்து உங்க லட்சணத்தைப் பாக்கட்டும்!"

மருமகள் கூடத்துக்கு வந்தாள். அங்கே கணவர் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே அலமாரி திறக்கும் சத்தம், வளையல் சத்தம், "பிடிச்சுக்கோங்கம்மா... இப்படி... ஐயோ, காலை ஊனுங்கம்மா..." என்ற குரல்... பிறகு ஒரு அலறல்.

"அண்ணீ!"

அவள் ஓடினாள். பெரிய டீச்சர் கட்டிலின் விளிம்பிலிருந்து நழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே நாத்தனார் மண்டியிட்டுத் தாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கணம் போனால் இரண்டு பேரும் தரையில்தான். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது, அவர் குரலிலேயே மருமகளின் காதில் கேட்டது. கேட்டும், அவள் கைகள் தாமாகவே அந்த அக்குள்களுக்குள் நுழைந்தன. ஒரே மூச்சு. பெரிய டீச்சர் கட்டிலில் இருந்தார்.

"அம்மா...!" என்று ஒரு சத்தம் அவளையும் மீறி வெளியே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை.

வாசலில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு மருமகளிடம் விரைந்தார்; நாடியைப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார், தலையணையை முதுகுக்கு வைத்தார்.

"சிஸ்டர், அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் நாத்தனார் படபடப்போடு. "கால் கொஞ்சம் வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்..."

"வாயை மூடு."

பல நாட்களுக்குப் பிறகு கேட்ட பெரிய டீச்சரின் குரல்! பள்ளிக்கூட வராந்தாவையே நடுங்க வைத்த அதே குரல். நாத்தனார் கப்சிப்பென்று ஆகிவிட்டாள்.

"சிஸ்டர், கேள்வியை ஆரம்பிங்க."

"இப்போ வேண்டாம் மேடம். ரெஸ்ட் எடுங்க..."

"ஆரம்பிங்கன்னு சொன்னேன்."

சிஸ்டர் தயங்கியபடி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி... உங்களால எழுந்து நிக்க முடியுமா மேடம்?"

"கேள்வி தப்பு."

"புரியல மேடம்..."

"போன தடவையும் இதைத்தான் கேட்டீங்க. நின்னு காட்டினேன். நீங்க மார்க் போட்டுட்டுப் போயிட்டீங்க. நீங்க போனதுக்கு அப்புறம் இந்தத் தரையை யார் துடைச்சான்னு உங்களுக்குத் தெரியாது. வருஷக்கணக்கா கேள்வித்தாள் தயார் பண்ணினவ சொல்றேன், கேள்வியை மாத்துங்க. உன்னால முடியுமான்னு கேக்காதீங்க. யார் செய்யறாங்கன்னு கேளுங்க."

சிஸ்டர் முக்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "உங்களை யார் எழுப்பி நிக்க வைக்கறாங்க?"

"லீடர்."

பெரிய டீச்சர் பார்த்த பக்கம் சிஸ்டரும் பார்த்தார், சுவரோரம் மருமகள். "குளிப்பாட்டறது?"

"லீடர்."

"துணி மாத்தறது?"

"லீடர்."

"சாப்பாடு ஊட்டறது?"

"அது நானே சாப்பிடுவேன். மார்க்கை ரொம்பவும் வெட்டாதீங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது, சிரிப்பு வரவில்லை.

"பாத்ரூம்?"

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கையால் கழற்றுவது அவருக்குக் கஷ்டம். யாரும் உதவவில்லை, உதவத் தைரியம் இல்லை.

"பாத்ரூம் வரைக்கும் போனாத்தானே சிஸ்டர்... பாதி நாள் படுக்கையிலேயே ஆயிடுது. அதையும் லீடர்தான். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. சுளிச்சிருந்தா நான் உங்ககிட்ட அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ!"

"அவங்க இல்லேன்னா?"

"இல்லேன்னா..." பெரிய டீச்சரின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அப்படியே கிடப்பேன் சிஸ்டர். நனைஞ்ச படுக்கையில, யாராவது வர்ற வரைக்கும்... அப்படியே கிடப்பேன்."

கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"இவளுக்கு என்னடா?"

"அம்மா... அது வந்து..."

"கொஞ்ச நாளா நான் பேசல. வாய் சும்மா இருந்ததால கண்ணு பாத்துச்சு. என்னைத் தூக்கறதுக்கு முன்னாடி துண்டை இறுக்கறா. தூக்கி வச்சதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. இவளுக்கு என்னன்னு கேக்கறேன்!"

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கர்ப்பப்பை, ஆபரேஷன், இரண்டு முறை தள்ளிப் போட்டது, அடுத்த வாரத் தேதி, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் தோள்கள் கூனின. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடப்பாவி... தெரிஞ்சுமா நீ சும்மா இருந்தே?" என்றார் பெரிய டீச்சர். பிறகு, தலையைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "இங்க வா."

"அத்தை..."

"வான்னா வரணும்."

மருமகள் சுவரைப் பிடித்து எழுந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். பெரிய டீச்சர் தன் நல்ல கையால் அவள் கன்னத்தைத் தொட்டார்.

"வயித்துவலின்னு லீவு கேட்டு வந்து நிப்பாங்க பிள்ளைங்க. யாருக்கு நிஜ வலி, யாருக்குக் கணக்குப் பரீட்சைன்னு முகத்தைப் பாத்தே சொல்லிடுவேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்! ஆனா, வலிக்குதுன்னு சொல்லவே சொல்லாத ஒரு பிள்ளை என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கு... அது என் கண்ணுக்குத் தெரியலையே!"

"உங்ககிட்ட சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் அத்தை..."

"நீ போன்ல அழுததைக் கேட்டேன். என் மானத்தை வாங்கிட்டியேன்னு கோபப்பட்டேன். நீ என்னைச் சொல்லலடி... உன்னைச் சொல்லி அழுதிருக்கே. அது கூடப் புரியாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கிடந்தேனே, பாவி!"

அவ்வளவுதான். எத்தனையோ மாதங்களாக அடக்கி வைத்ததெல்லாம் பீறிட்டு வந்தது. மருமகள் அந்த மெலிந்த மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். ஒரு கை மட்டும் அவள் முதுகைச் சுற்றி அணைத்தது. அசையாத இன்னொரு கையை, மருமகளே எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

நாத்தனார் கிட்டே வந்தாள். "அண்ணி... மன்னிச்சிடுங்க அண்ணி! நான் ஞாயித்துக்கிழமை அம்மாவை மட்டும்தான் பாத்தேன். அந்த அம்மாவைத் தயார் பண்ணின உங்களைப் பாக்கல."

"விடுங்கம்மா... நான்தானே காட்டாம இருந்தேன்" என்றாள் மருமகள், நாத்தனாரின் கையை விடாமலே.

சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "மேடம், இந்தத் தடவை உங்க மார்க் ரொம்ப மோசம்."

"சந்தோஷம்" என்றார் பெரிய டீச்சர்.

"ஆனா உண்மையைச் சொல்லிடறேன். எங்ககிட்ட ஆள் ரொம்பக் கம்மி. காலை வேளைக்கு மட்டும்தான் ஒருத்தரை அனுப்ப முடியும். அதுவும் இவங்க ஆபரேஷன் தேதிக்குள்ள அனுப்ப நானே போய்ச் சண்டை போடணும். போடறேன். மீதி நேரத்துக்கு?"

பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"டைம்டேபிள் நான் போடறேன். காலையில மையத்து ஆள். மத்தியானம் நீ" என்று மகளைக் காட்டினார். "பல் டாக்டர்கிட்ட அரை நாள் வேலை கேளு. பல்வலிக்காரங்க கொஞ்சம் காத்திருக்கட்டும். சாயங்காலத்துலேருந்து இவன்."

"அம்மா... நானா? நீங்கதான் தொடக் கூடாதுன்னு..."

"பெத்தவளைத் தூக்கறதுக்கு என்னடா வெக்கம்? எனக்கு வெக்கமா இருந்தா நான் கண்ணை மூடிக்கறேன். நீ கண்ணைத் திறந்துக்கிட்டு ஒழுங்காத் தூக்கு. சிஸ்டர், இவனுக்குச் சொல்லிக் கொடுங்க."

சிஸ்டர் அங்கேயே சொல்லிக் கொடுத்தார். இடுப்பில் பட்டை கட்டி, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், ஒன்று இரண்டு என்று சொல்லித் தூக்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் அம்மா நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். "உன் லிஃப்ட் நடுவுல நிக்காம வந்துடுச்சே" என்றார் பெரிய டீச்சர். மகன் சிரிக்கவில்லை, திரும்பி நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டர் சண்டை போட்டாரோ கெஞ்சினாரோ தெரியாது. ஆபரேஷன் நாளன்று காலையில் மையத்து ஆள் வந்துவிட்டாள். குறைவாகப் பேசுகிற, கை சுத்தமான ஒருத்தி. கமோட் நாற்காலி எங்கே இருக்க வேண்டும், எந்தத் துண்டு எதற்கு என்பதையெல்லாம் மருமகள் இரண்டாம் தடவையாகச் சொல்ல ஆரம்பித்தபோது, பெரிய டீச்சர் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "போதும் லீடர். சார்ஜை ஒப்படைச்சாச்சு, கிளம்பு."

கணவர் வாசலில் வண்டியைத் தயாராக வைத்திருந்தார். மருமகள் சிறிய பையோடு கட்டிலருகில் வந்து நின்றாள். இந்த வீட்டை விட்டு ஒரு நாள் முழுக்க வெளியே போய் எவ்வளவு காலம் ஆகியிருந்தது! கால் நகர மறுத்தது.

"போயிட்டு வரேன் அத்தை."

பெரிய டீச்சர் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். அதே பார்வைதான். "லீவு லெட்டர் எங்கே?"

அவள் திகைத்தாள். "எழுதலையே அத்தை..."

"லெட்டரெல்லாம் மத்தவங்களுக்கு." பெரிய டீச்சர் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உனக்கு ஒண்ணே ஒண்ணுதான். வலிக்குதா?"

மருமகள் வழக்கம்போல, 'ஒண்ணுமில்ல அத்தை' என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் வரவில்லை. உதடு துடித்தது, கண் நிறைந்தது.

"வலிக்குது அத்தை" என்றாள். "ரொம்ப வலிக்குது."

"அது போதும்" என்றார் பெரிய டீச்சர். "லீவு கொடுத்தாச்சு. போயிட்டு, முழுசாத் திரும்பி வா."